லெகோ கட்டையில் கற்பனை வண்டி: முதலில் அதற்கு ஒரு வேலை கொடுங்கள்

விண்கலம், வேற்றுக் கிரகத்தில் ஓடும் வண்டி, நிலவில் மண் அள்ளும் எந்திரம் என்று எதையாவது லெகோ கட்டையில் சொந்தமாக வடிவமைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் இறக்கையிலோ பீரங்கியிலோதான் கை வைக்கிறார்கள். இறக்கை நன்றாகவே வந்துவிடும். அதற்குப் பிறகு நடு உடம்பில் என்ன வைப்பது என்று தெரியாமல் கை நின்றுவிடும். கடைசியில் கையில் கிடைத்ததை எல்லாம் ஒட்டி முடிப்பார்கள்.

இதற்கு ஒரு நல்ல வழி, வண்டிக்கு முதலில் ஒரு வேலை கொடுப்பது. அது எதை அள்ளுகிறது, எங்கே கொட்டுகிறது, யார் ஓட்டுகிறார், அவர் எப்படி ஏறுகிறார், எந்தத் தரையில் போகிறது என்பதை ஒரு தாளில் எழுதிவிட்டால், குழாய் எங்கே, ஏணி எங்கே, விளக்கு எங்கே என்ற கேள்விகளில் பாதிக்கு அந்தத் தாளே பதில் சொல்லிவிடும். நுணுக்கமான மாதிரி என்று நாம் வியந்து பார்ப்பவற்றில் எல்லாம் இந்தக் காரணம்தான் அடியில் இருக்கிறது. துண்டுகள் அதிகம் இருப்பது மட்டும் நுணுக்கம் ஆகாது.

காவிரி டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. தை, மாசியில் திருவாரூர், மன்னார்குடி, மாயவரம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் சம்பா அறுவடை வண்டிகளைப் பார்க்கலாம். ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதைந்துவிடும் என்பதால் பெல்ட் வண்டியைத்தான் இறக்குவார்கள். வரப்பில் நின்று பத்து நிமிடம் அதை உற்றுப் பாருங்கள். முன்னால் ரீல் சுழன்று கதிரைச் சாய்க்கிறது. அதற்குக் கீழே கத்தி அறுக்கிறது. அறுத்ததை ஒரு திருகு நடுவுக்குத் தள்ள, சாய்வான ஒரு பெட்டி வழியாக அது மேலே ஏறுகிறது. உள்ளே அடித்துப் பிரித்தபின் வைக்கோல் பின்பக்கமாக விழுகிறது, நெல் தொட்டியில் சேர்கிறது. தொட்டி நிறைந்ததும் நீளமான ஒரு குழாயை வெளியே திருப்பி டிராக்டர் டிப்பரில் கொட்டுகிறார்கள். முன்னிருந்து பின்வரை அந்த வண்டியில் காரணமில்லாத ஒரு துண்டுகூடக் கிடையாது.

நம் எடுத்துக்காட்டுக்கு இதையே எடுத்துக்கொள்வோம். முழுக்கத் தண்ணீரும் சேறுமாக இருக்கும் ஒரு கிரகத்தில், தரையைத் தொடாமல் மிதந்தபடி பயிர் அறுக்கும் வண்டி.

மூன்று எண்கள்

லெகோ நிறுவனம் டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932-இல் தொடங்கியது. இன்றைய கட்டையின் இணைப்பு முறைக்கு, அதாவது மேலே குமிழ், உள்ளே குழாய் என்ற அமைப்புக்கு, 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அன்று முதல் அளவு மாறவில்லை. அதனால் நீங்கள் இன்று கற்றுக்கொள்ளும் கணக்கு எந்தக் காலத்துக் கட்டைக்கும் பொருந்தும்.

ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு வரை 8 மில்லிமீட்டர். சாதாரணக் கட்டையின் உயரம், குமிழைச் சேர்க்காமல், 9.6 மி.மீ. மெல்லிய பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ. ஆக மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு கட்டை உயரம் வரும். இதைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளே விளையாடும்போது கண்டுபிடித்துவிடுவார்கள். அவ்வளவு எளிதில் கண்ணில் படாதது அடுத்த கணக்கு. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மி.மீ. இரண்டு குமிழின் அகலமும் அதே 16 மி.மீ. அதாவது ஐந்து பிளேட் உயரமும் இரண்டு குமிழ் அகலமும் ஒன்று. இந்த ஒரு சமன்பாட்டை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கட்டையைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கட்டும் வித்தை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

அடுத்து, வண்டி எவ்வளவு பெரியது? ஓட்டுநராக லெகோ பொம்மை மனிதரை உட்காரவைப்பதாக இருந்தால் அவரே அளவுகோல். அவர் உயரம் சுமார் 4 செ.மீ. நிஜத்தில் ஒருவர் 1.7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 மீட்டருக்கு 2.4 செ.மீ. வரும். குமிழ்க் கணக்கில் அது சரியாக 3. இனி எதைப் பார்த்தாலும் மீட்டரை மூன்றால் பெருக்கினால் போதும். 6 மீட்டர் நீள வண்டி 18 குமிழ். இரண்டரை மீட்டர் அகலம் என்றால் ஏழரை, அதை எட்டாக்கிக்கொள்ளலாம். 96 அடி உயரம் என்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேரை இந்த அளவில் கட்டினால் ஏறத்தாழ 70 செ.மீ. வரும். சாப்பாட்டு மேசையில் வைத்தால் நிற்பவரின் தலைக்கு அருகில் போய்விடும். முதல் முயற்சிக்கு அவ்வளவு பெரிதாக எதையும் தொட வேண்டாம்.

பெரிதாக்கினால் துண்டுக் கணக்கு எப்படி ஏறும் என்பதற்கு லெகோவிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. விண்வெளித் தொடரை அவர்கள் 1978-இல் தொடங்கினார்கள். அதில் 1979-இல் வந்த கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் கலத்தில் 338 துண்டுகள். அதே கலத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாக்கி 2022-இல் மறுபடி கொண்டுவந்தபோது 1,254 துண்டுகள் ஆயின. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றரை மடங்கானால் கன அளவு மூன்றே கால் மடங்குக்கு மேல் போகும். துண்டுகளும் ஏறத்தாழ அதே வேகத்தில் ஏறியிருக்கின்றன. 18 குமிழ் வண்டியை 27 குமிழாக்கலாமா என்று ஆசை வரும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எலும்புக்கூடு

முதலில் கட்ட வேண்டியது, கடைசியில் யாருமே பார்க்கப்போகாத உள் சட்டம். பக்கத்தில் துளையுள்ள டெக்னிக் கட்டைகளை நீளவாக்கில் இரண்டு வரிசையாக வைத்து, மேலும் கீழும் குறுக்கே பிளேட் போட்டுப் பூட்டுங்கள். இரண்டு துண்டு சந்திக்கும் இடத்துக்கு நேர் மேலே இன்னொரு சந்திப்பு வரக்கூடாது. கொத்தனார் செங்கல் வைக்கும் அதே விதி. கட்டி முடித்ததும் ஒரு முனையை மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மறுமுனை தொங்கினாலோ சத்தம் கேட்டாலோ மேலே போகாதீர்கள், சட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

நம் வண்டிக்குச் சட்டம் 6 குமிழ் அகலம். ஏன் 8 இல்லை என்பது அடுத்த பகுதியில் புரியும். முன்பக்கம் கேபினுக்குள் குறைந்தது 4 குமிழ் இடம் விடுங்கள். பொம்மை மனிதரின் கால் இரண்டு குமிழ் அகலம்தான் என்றாலும் கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவை எதிலும் இடிக்கக்கூடாது.

தரையைத் தொடாமல் மிதக்கும் வண்டி என்பதால் அடியில் என்ன வைப்பது? இங்கேதான் பெல்ட் வண்டியைப் பார்த்தது கைகொடுக்கிறது. பெல்ட் ஏன் சேற்றில் புதைவதில்லை என்றால், எடையை நீளமான பரப்பில் பரப்பிவிடுகிறது. மிதக்கும் வண்டிக்கும் அதே நியாயம் வேண்டும். மூலைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன ஜெட் வைத்தால் கண் நம்பாது. வலமும் இடமும் முழு நீளத்துக்கும் தடித்த இரண்டு மிதவைகள் வைத்தால் நம்பும். மாதிரி நிஜத்தில் மிதக்காதே, எதன்மேல் நிற்கும்? மிதவைக்கு உள்பக்கமாக நிறமில்லாத கண்ணாடிக் கட்டைகளில் நான்கு கால் வைத்தால் தூரத்திலிருந்து தெரியாது.

பக்கவாட்டில் கட்டுவது

தொடங்குபவர் கட்டும் வண்டியையும் பழகியவர் கட்டும் வண்டியையும் பிரிப்பது இந்த ஒன்றுதான். கட்டையைக் கட்டைமேல் அடுக்கிக்கொண்டே போனால் எல்லாக் குமிழும் வானத்தைப் பார்க்கும், பக்கச் சுவர் படிக்கட்டு மாதிரி வரும். விண்கலத்தின் வழவழப்பான பக்கமும் அதில் ஓடும் மெல்லிய கோடுகளும் வேண்டுமென்றால் குமிழ் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும்.

அதற்கென்றே சில துண்டுகள் இருக்கின்றன. பக்கத்தில் குமிழ் உள்ள கட்டை ஒன்று. எல் வடிவத்தில் மடிந்திருக்கும் பிராக்கெட் இன்னொன்று. ஹெட்லைட் கட்டை என்று அழைக்கப்படும் ஒன்றுக்கு ஒன்று கட்டை, அதாவது ஒரு குமிழ் நீளமும் ஒரு குமிழ் அகலமும் உள்ள கட்டை, மூன்றாவது. அதன் பக்கக் குமிழ் சற்று உள்வாங்கி இருக்கும், அந்த உள்வாங்கல் 1.6 மி.மீ., அதாவது அரை பிளேட்.

பிராக்கெட்டில் செங்குத்தாக நிற்கும் தகட்டின் தடிமனும் அரை பிளேட்தான். இப்போது கணக்குப் போடுங்கள். 6 குமிழ் சட்டத்தின் பக்கத்தில் ஒரு பிராக்கெட் மாட்டுகிறோம், 1.6 மி.மீ. வெளியே வந்துவிட்டது. அதன்மேல் ஒரு பிளேட், 3.2. அதன்மேல் குமிழில்லாத வழவழப்பான டைல் ஒன்று, இன்னொரு 3.2. கூட்டினால் 8 மி.மீ., அதாவது சரியாக ஒரு குமிழ். இரண்டு பக்கமும் இதையே செய்தால் 6 குமிழ் சட்டம் 8 குமிழ் அகல வண்டியாகிவிடும். மேல்தளத்துக்கு 8 குமிழ் அகல பிளேட் போட்டால் இம்மியும் பிசகாமல் விளிம்போடு விளிம்பு சேரும். முதல் தடவை இது பொருந்தும்போது வருகிற மகிழ்ச்சிக்காகவே இந்தக் கலையைக் கற்றுக்கொள்ளலாம் என்பேன்.

அந்த நடு பிளேட்டில் இன்னொரு விளையாட்டு இருக்கிறது. சில இடங்களில் டைல் போடாமல் விட்டால் அங்கே 3.2 மி.மீ. பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்தில் வேறு நிறத்தில், கம்பி கம்பியாக இருக்கும் கிரில் டைலையோ சின்னக் குழாயையோ வைக்கலாம். தகட்டைத் திறந்தால் உள்ளே எந்திரம் தெரிவது போன்ற தோற்றம் இப்படித்தான் வருகிறது.

அரைக் குமிழ் தள்ளி வைக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரே குமிழ் உள்ள 1க்கு 2 ஜம்பர் பிளேட் உதவும். சாய்வாக வைக்க ஹின்ஜ் என்ற கீல் துண்டு உண்டு. கடகடவென்று பூட்டும் வகை ஹின்ஜ் 22.5 பாகைக்கு ஒரு தடவை நிற்கும், எடையும் தாங்கும். கம்பியைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் அப்படித் தாங்காது. கனமான கையை ஒற்றைக் கிளிப்பில் தொங்கவிட்டால் இரண்டு நாளில் தலை சாய்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு குமிழுக்கு நடுவே இருக்கும் இடைவெளி 3.2 மி.மீ., பிளேட்டின் தடிமனும் 3.2 மி.மீ. அதனால் பிளேட்டைச் செங்குத்தாக அந்த இடுக்கில் செருகத் தோன்றும். செருகவும் முடியும். ஆனால் துண்டு இறுகி அழுத்தத்திலேயே இருக்கும் என்பதால் லெகோ வடிவமைப்பாளர்கள் தங்கள் பெட்டிகளில் இந்த இணைப்பைத் தவிர்க்கிறார்கள். நாமும் தவிர்ப்பது நல்லது.

நுணுக்கம் எங்கே, வெறுமை எங்கே

1970-களில் ஹாலிவுட் விண்வெளிப் படங்களுக்கு மாதிரி செய்தவர்கள், கடையில் விற்கும் டாங்கி, கப்பல் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளை வாங்கிப் பிரித்து, அதிலிருந்த சின்னச் சின்னத் துண்டுகளைத் தங்கள் கலங்களின்மேல் ஒட்டினார்கள். திரையில் அது பிரம்மாண்டமான எந்திரமாகத் தெரிந்தது. இப்படி ஒட்டும் சில்லறை எந்திர வேலைப்பாட்டைக் கிரீபிள் என்பார்கள். லெகோவில் இதற்குக் கடலளவு துண்டுகள் உண்டு. பொம்மை மனிதரின் பைனாகுலர் நல்ல பீச்சு முனை ஆகும். ரோலர் ஸ்கேட் தாழ்ப்பாள் ஆகும். தண்ணீர்க் குழாய்த் துண்டு, லீவர், கிரில் டைல் எல்லாமே எந்திர உறுப்புகள்தான்.

ஆனால் இவை கையில் கிடைத்துவிட்டால் எல்லா இடத்திலும் ஒட்டத் தோன்றும். திருபுவனம் பட்டில் ஜரிகை கரையிலும் முந்தானையிலும் நிறைந்து, உடல் அடங்கி இருந்தால்தான் இரண்டும் எடுப்பாகத் தெரியும். வண்டியும் அப்படித்தான். பரப்பில் முக்கால் பங்கை வழவழப்பாக விட்டுவிட்டு, நுணுக்கத்தைச் சில பட்டைகளில் திரட்டுங்கள்.

எந்தப் பட்டைகள்? மறுபடி வேலைதான் சொல்லும். எந்திரம் சூடாகும் இடத்தில் காற்றுத் துளை. எரிபொருள் நிரப்பும் மூடிக்குக் கீழே ஒருவர் நிற்க ஒரு படி. ஓட்டுநர் ஏறும் இடத்தில் ஏணியும் கைப்பிடியும். பொழுது சாய்ந்தும் அறுக்கும் வண்டி என்றால் முன்னால் மட்டும் விளக்குப் போதாது, கொட்டும் குழாயின் முனையிலும் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் எதில் கொட்டுவது?

அந்தக் குழாயைக் கட்டுவதையே கொஞ்சம் பார்ப்போம். நடுவில் துளையுள்ள 2க்கு 2 உருண்டைக் கட்டைகளை டெக்னிக் ஆக்சில் என்ற நீளமான தண்டில் கோக்கலாம். 12 குமிழ் நீள ஆக்சில் 96 மி.மீ. உருண்டைக் கட்டை ஒவ்வொன்றும் 9.6 மி.மீ. பத்துக் கட்டை கோத்தால் ஆக்சில் முழுக்க மூடிக்கொள்ளும், ஒரு நூல்கூட மிஞ்சாது. நம் அளவில் அது 4 மீட்டர் குழாய். அடியில் பூட்டும் ஹின்ஜ் வைத்து உடம்போடு இணைத்தால் மடக்கவும் நீட்டவும் வரும். பத்தும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டாம். நடுவில் ஒன்றை மட்டும் வேறு நிறத்தில் வைத்தால் எப்போதோ உடைந்து மாற்றிய இடம் போலத் தெரியும். வண்டி பல போகம் பார்த்தது என்று சொல்ல அந்த ஒரு கட்டை போதும்.

ரீலுக்கு, சுற்றிலும் எட்டுப் பக்கக் கம்பி வளையம் உள்ள 2க்கு 2 வட்டப் பிளேட் தேடுங்கள். கிளிப் உள்ள பிளேட்டுகளை அந்த வளையத்தில் மாட்டினால் எட்டுத் திசைக்கும் கை நீளும். இப்படி இரண்டு செய்து இரு ஓரத்தில் வைத்தால் ரீல் தயார்.

முன்புறக் கண்ணாடிக்குக் கீழே, மஞ்சள் நிற 1க்கு 1 வட்டப் பிளேட் ஒன்றையும் பச்சை நிறத்தில் இரண்டு மூன்றையும் ஒரு சின்னக் கம்பியில் தொங்கவிட நான் நிச்சயம் சொல்வேன். எலுமிச்சையும் மிளகாயும் கட்டாமல் நம் ஊரில் வண்டியை எடுப்பார்களா? வேற்றுக் கிரகத்துக்குப் போனாலும் எடுக்கமாட்டார்கள். பார்ப்பவருக்கு அந்த வண்டியை ஓட்டும் மனிதர் யார் என்று அங்கே தெரிந்துவிடும்.

எந்தப் பக்கம் போகிறது?

நல்ல வண்டியைப் பார்த்ததும் முன்பக்கம் எது என்று கேட்கத் தோன்றாது. கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்தில், இரண்டாம் ராஜராஜன் காலத்து ஐராவதேசுவரர் கோயில் மண்டபத்தைப் பாருங்கள். அது கல்லில் எழுந்த கட்டடம். படியோரத்தில் சக்கரத்தையும் பாய்ந்து இழுக்கும் குதிரையையும் செதுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மண்டபம் தேராகிவிட்டது, அது போகும் திசையும் தெரிந்துவிட்டது. உங்கள் மாதிரியிலும் அப்படி ஒன்றிரண்டு குறிப்பு இருக்க வேண்டும். கேபின் முன்னால் தள்ளி இருப்பது, உடம்பின் மேல்கோடு பின்னோக்கி இறங்குவது, பக்கத்தில் ஒரு நிறப்பட்டை முனையிலிருந்து வால் வரை ஓடுவது, இவற்றில் இரண்டு இருந்தாலும் போதும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடம்புக்கு ஒன்று, எந்திரப் பகுதிக்கு அடர் சாம்பல், கண்ணில் படுவதற்கு ஒன்று. கண்ணாடிக்கு ஒரே நிறம். பழைய லெகோ விண்வெளித் தொடர் நீலம், சாம்பல், மஞ்சள் கண்ணாடி என்று மூன்றோடு நின்றதால்தான் இன்றைக்கும் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிறது. நம் வண்டி சேற்றில் வேலை செய்வது என்பதால் மிதவைகளின் அடி ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை பழுப்பு வைக்கலாம்.

கட்டை கையில் இல்லாமலேயே

இவ்வளவுக்கும் நிறையக் கட்டை வேண்டுமே என்று தயங்க வேண்டாம். பிரிக்லிங்க் ஸ்டுடியோ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கணினித் திரையில் எந்தத் துண்டையும் எந்த நிறத்திலும் எடுத்துக் கட்டலாம். ஒன்றோடொன்று இடித்தால் காட்டிக்கொடுக்கும், முடிந்ததும் துண்டுப் பட்டியல் தரும், படிப்படியான செய்முறைப் புத்தகமும் அதிலேயே தயாரிக்கலாம். லெகோ துண்டுகளை வாங்கவும் விற்கவும் உதவும் இணையச் சந்தையான பிரிக்லிங்கை 2019-இல் லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்டது. இதற்கெல்லாம் முன்னோடி 1995-இல் தொடங்கிய எல்டிரா. ரசிகர்கள் ஒவ்வொரு துண்டாக வரைந்து சேர்த்த அந்தக் களஞ்சியம் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் திரை சொல்லாது. கையில் பிடித்தால் தாங்குமா என்பது நிஜக் கட்டையில்தான் தெரியும். அதனால் ஹின்ஜ், குழாய், ரீல் ஆகிய மூன்றையும் மட்டுமாவது கையில் கட்டிப் பார்த்துவிட்டுப் பட்டியலை முடிவு செய்யுங்கள்.

வாங்கும்போது பெரிய பெட்டி ஒன்றைவிட, பிராக்கெட், பக்கக் குமிழ் கட்டை, டைல், கிரில் டைல், கிளிப், ஜம்பர் ஆகியவற்றுக்கு முதலில் பணத்தை ஒதுக்குங்கள். சாதாரணக் கட்டைகள் எப்படியும் வீட்டில் சேர்ந்துவிடும். அடிப்படைக் கட்டையின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால், தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பொம்மைக் கடைகளில் அதே அளவில் வேறு நிறுவனக் கட்டைகளும் கிடைக்கும். அவற்றை வெளித்தோலுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உள் சட்டத்துக்கும் ஹின்ஜுக்கும் மட்டும் பிடிமானத்தைச் சோதித்துவிட்டுப் போடுங்கள். இரண்டு கட்டையைச் சேர்த்துத் தலைகீழாகப் பிடித்து உதறினால் தெரிந்துவிடும். கட்டி முடித்த வண்டியை நேர் வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். வெள்ளையும் வெளிர் சாம்பலும் சில ஆண்டுகளில் மஞ்சளாகிவிடும்.